ஜாங்கிரியின் நிறம்

பூங்கொடி அம்மாள் அந்தப் பெட்டியைக் கடை மேசைமேல் வைத்த விதத்திலேயே ஜெசிந்தாவுக்குப் புரிந்துவிட்டது, இவர் ஒரு தீர்ப்பை வாங்கிக்கொண்டு போகத்தான் வந்திருக்கிறார் என்று.

"பாத்துச் சொல்லுங்க அம்மிணி. என்ன நெறமுன்னு எழுதிக் குடுத்தீங்கன்னாப் போதும். மத்ததெல்லாம் நாங்க பேசிக்கிறோம்."

சூலூரிலிருந்து வந்திருந்தார். அறுபதைத் தொடும் வயது, நல்ல உயரம், மடிப்புக் கலையாத பருத்திப் புடவை. நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை.

ஜெசிந்தா பெட்டியைத் திறந்தாள். பழைய துண்டு ஒன்றுக்கு அடியில், வீடுகளில் வளர்க்கிற விஷமில்லாத சோளப்பாம்பு சுருண்டு கிடந்தது. உடம்பெல்லாம் சாம்பல் பூசினாற்போல் மங்கல். கண்களில் பால் படர்ந்த நீலம்.

"இப்பச் சொல்ல முடியாதுங்கம்மா. சட்டை உரிக்கப் போகுது. இந்த நேரத்துல எல்லாப் பாம்பும் மங்கிப் போய்த்தான் தெரியும். உரிச்சு முடிச்சதும் கொண்டுவாங்க."

"மங்கலுங்களா? போன தடவை உரிச்சப்பவே வெளுத்துதான் கெடந்துதுங்க. எங்கூட்டுக்கு வர்றப்ப ஆரஞ்சும் செவப்புமா வந்துது. ஜாங்கிரின்னு பேர் வெச்சிருக்கறா அந்தப் புள்ள. இப்பப் பாருங்க, எந்தக் கடையில இந்த நெறத்துல ஜாங்கிரி விக்கறாங்க?"

"எந்தப் புள்ளைங்க?"

"என்ற மகனுக்கு நிச்சயம் பண்ணியிருக்கற பொண்ணு. மிருதுளா. அவ பாம்புதான் இது."

ஜெசிந்தா மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. கேட்க வேண்டியிருக்கவும் இல்லை.

அவள் இந்தத் தொழிலுக்கு வந்த காலத்தில் சோளப்பாம்பின் நிறம் பிறப்போடு வந்து இறப்போடு போகிற ஒன்று. தாயும் தகப்பனும் கொடுத்ததுதான். கறுப்பு இல்லாமல் பிறந்தால் ஒரு பெயர், சிவப்பு இல்லாமல் பிறந்தால் இன்னொரு பெயர், இரண்டும் இல்லாமல் வெள்ளைவெளேரென்று பிறந்தால் வேறொரு பெயர். வளர்ப்பவர்கள் நூற்றுக்கணக்கில் பெயர் சூட்டி வைத்திருந்தார்கள். ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் உள்ள நூலிழை வித்தியாசத்தைக் கண்ணால் பார்த்துச் சொல்வதுதான் அவள் வேலை. போன்களின் கேமராக்கள் தாமாகவே நிறத்தை மெருகேற்றிக் காட்டுவதால் படத்தை நம்பி யாரும் எதையும் சொல்ல முடியாது. வடக்குப் பார்த்த சன்னலும் பகல் வெளிச்சமும் பழகிய கண்ணும் வேண்டும்.

பிறகு ஒரு நிறுவனம் பாம்பின் தோல் உயிரணுக்களில் கை வைத்தது. வளர்ப்பவரின் உள்ளங்கை வியர்வையிலும் எண்ணெய்ப் பசையிலும் இருக்கிறவற்றைப் பாம்பின் தோல் உள்வாங்கிக்கொள்ளும். அடுத்த சட்டையை உரிக்கும்போது அதற்கேற்ற நிறத்தில் வெளியே வரும். உங்கள் பாம்பு, உங்கள் நிறம் என்று விளம்பரம் செய்தார்கள். விளையாட்டாகத்தான் தொடங்கியது. கல்லூரிப் பெண்கள் ஆளுக்கொரு பாம்பை வாங்கி, யாருடையது என்ன நிறம் என்று ஒப்பிட்டுச் சிரித்தார்கள்.

விளையாட்டு நெடுநாள் நிலைக்கவில்லை. குறிப்பிட்ட சில நிறங்கள் குறிப்பிட்ட சில நோய்கள் கொண்ட உடம்புகளிடம்தான் வருகின்றன என்பதை வளர்ப்பவர்களே கவனித்துவிட்டார்கள். அதன்பின் காப்பீட்டுக்காரர்கள் நிறம் கேட்டார்கள். வேலை கொடுப்பவர்கள் ஜாடையாகக் கேட்டார்கள். கல்யாண வீடுகள் நேரடியாகவே கேட்டன. ஜாதகத்தில் நாகதோஷம் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் நாகத்தையே கேட்டு வாங்கிப் பார்க்கத் தொடங்கினார்கள். நிச்சயம் முடிந்ததும் பெண்ணின் பாம்பு மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்விட வேண்டும் என்பது வழக்கமாகிவிட்டது. பெண் வீட்டார் நல்ல நிறப் பாம்பாக மாற்றிக் காட்டிவிடக் கூடாதாம்.

நிறம் சொல்கிறவர்களுக்கு அரசாங்கம் ஒரே ஒரு கட்டுப்பாடு விதித்திருந்தது. நிறத்தின் பெயரைச் சொல்லலாம். அதற்கு என்ன பொருள் என்று சொல்லக் கூடாது. மீறினால் உரிமம் போய்விடும்.

ஜெசிந்தா பாம்பை மெதுவாக எடுத்தாள். பார்வை மங்கியிருந்ததால் அது விறைத்துக்கொண்டு கையிலிருந்து நழுவப் பார்த்தது. பூங்கொடி அம்மாள் தன்னையறியாமல் கையை நீட்டினார். பாம்பு அவருடைய மணிக்கட்டில் ஏறி, முழங்கை மடிப்பில் போய்ச் சுருண்டு அடங்கிவிட்டது.

"என்ற கைன்னா மட்டும் பேசாமக் கெடக்குதுங்க," என்றார் சலிப்பாக. ஆனால் இன்னொரு கை அதன் முதுகை நீவிக்கொண்டிருந்தது. "இதும்மேல எனக்கு ஒண்ணும் கோவமில்லீங்க. வாயில்லாச் சீவன். ஆனா எங்கப்பாவை இருவது வருசம் பாத்தவ நானு. உதறுவாதம். சோறு உருட்டி வாயில வெக்கோணும், பொத்தான் போட்டுடோணும். எங்கம்மா அந்தக் கையப் புடிச்சுக்கிட்டே கெழவியாப் போனா. என்ற மகன் அப்படி ஒருத்தி கையப் புடிச்சுக்கிட்டு உக்காரோணுமுங்களா? நீங்களே சொல்லுங்க."

ஜெசிந்தா பாம்பைப் பெட்டிக்குள் விட்டு மூடினாள். சட்டை உரித்ததும் கொண்டுவரும்படி மறுபடி சொல்லி அனுப்பினாள்.

மறுவாரம் மழை விட்ட ஒரு முற்பகலில் பூங்கொடி அம்மாள் வந்தார். இந்தத் தடவை உட்கார்ந்தார். உரித்த சட்டையைக்கூடப் பழைய செய்தித்தாளில் பத்திரமாகச் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். ஒரு கிழிசல் இல்லை. மூக்கிலிருந்து வால்வரை முழுசாக இருந்தது.

"வாளியில வெதுவெதுன்னு தண்ணி வெச்சு, அதுல துணியை நனைச்சுப் போட்டேனுங்க. சிக்காம உரிச்சுப்போட்டுது."

நன்றாக வளர்க்கத் தெரிந்தவர்களுக்குத்தான் அது வரும். ஜெசிந்தா பாம்பைச் சன்னலோரம் கொண்டுபோனாள்.

புதுத்தோல் மினுங்கியது. அழகான பாம்புதான், அதில் சந்தேகமில்லை. வெளிர்ச் சாம்பல் உடம்பில் அடர்ந்த சாம்பல் திட்டுகள், திட்டுகளைச் சுற்றிக் கரிக்கோடு. சிவப்பு என்பது பேருக்கும் இல்லை. சிவப்பு போன சோளப்பாம்பில் இரண்டு வகை உண்டு. பழகாத கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். தாடையின் கீழும் கழுத்தோரமும் மஞ்சள் ஓடியிருந்தால் அது அனெரி. சாப்பாடு மாறினாலோ தைராய்டு மாத்திரை சாப்பிட்டாலோகூட அப்படி வரும், பயப்பட ஒன்றுமில்லை. மஞ்சளும் இல்லையென்றால் சார்கோல், உதறுவாதம் வரவிருக்கும் உடம்பின் நிறம்.

பாம்பின் தலையை விரல்மேல் ஏந்தி, தாடையை வெளிச்சத்துக்குத் திருப்பினாள். ஒருமுறை பார்த்து, சற்று நிறுத்தி, மறுபடியும் பார்த்தாள். மஞ்சள் இல்லை.

முகம் தெரியாத அந்தப் பெண்ணை நினைத்தாள். சார்கோல் என்று ஒரு வார்த்தை எழுதினால் போதும். இந்தக் கல்யாணம் நின்றுவிடும். அடுத்துப் பெண் கேட்டு வருகிறவர்களும் இதைத் தெரிந்துகொண்டுதான் வருவார்கள்.

பேனாவைக் கையில் எடுத்த பிறகுதான் அவளுக்குப் போன வாரம் பாம்பு போய் அடங்கிய அந்த முழங்கை மடிப்பு ஞாபகத்துக்கு வந்தது.

"ஏங்கம்மா, இது உங்க வீட்டுக்கு எப்ப வந்துது?"

"தையில நிச்சயமுங்க. அப்பவே வந்துட்டுது."

இப்போது ஆவணி.

"அங்க வந்து எத்தனை தடவை சட்டை உரிச்சிருக்கும்?"

"மூணு… நாலு இருக்குங்க."

"உங்க மகன் கையில எடுப்பாருங்களா?"

"கவினா? அவன் பெங்களூருல இருக்கறானுங்க. வாரக் கடைசியில வந்தா, இதைக் கண்டதும் அடுத்த ரூமுக்கு ஓடிப்போவான்."

"பொண்ணு வந்து பாக்குங்களா?"

"கல்யாணத்துக்கு முன்னால பொண்ணு எங்கூட்டு வாசப்படி மிதிக்கறது எங்க பக்கம் வழக்கமில்லீங்க."

"அப்ப எரை வெக்கறது, பொட்டி சுத்தம் பண்றது, கையில வெச்சுக்கறது…"

"நாந்தான். வேற யாரு இருக்கறாங்க? சாயங்காலம் டிவி பாக்கறப்ப மடியிலதான் கெடக்கும்." சொல்லிவிட்டுச் சிறிது வெட்கத்துடன் சேர்த்துக்கொண்டார். "ஒத்தையா இருக்கற ஊடு பாருங்க. பேச்சுத்துணையாட்ட ஆகிப்போச்சு."

ஜெசிந்தா பாம்பை அவரிடம் கொடுத்துவிட்டுப் பேனாவை மூடினாள். எழுந்துபோய் வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். உரிமத்தைச் சட்டம் போட்டு எதிர்ச்சுவரில்தான் மாட்டியிருந்தாள். அந்தப் பக்கம் பார்க்காமல் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நிறம் சார்கோல்ங்கம்மா."

பூங்கொடி அம்மாள் நீண்ட மூச்சு விட்டார். "எனக்குத் தெரியுமுங்க. அந்தப் புள்ளைய நெனச்சாப் பாவமாத்தான் இருக்குது. நல்லாப் பேசுவா, மரியாதை தெரிஞ்ச புள்ள. என்ன பண்றதுங்க, எழுதிக் குடுங்க."

"அம்மா, ஒண்ணு கேளுங்க. பாம்புக்கு அது யார் பேர்ல பதிஞ்சிருக்குதுன்னு தெரியாது. அதுக்குக் கைதான் தெரியும். எந்தக் கை அதைத் தூக்குதோ அந்தக் கையோட நிறம்தான் அதுக்கு வரும். உங்க வீட்டுக்கு வந்து மொதத் தடவை சட்டை உரிச்சப்பவே அந்தப் பொண்ணோட நிறம் போயிருச்சு."

"அப்படீன்னா?"

 ஜெசிந்தா அவர் மடியைப் பார்த்தாள். ஜாங்கிரி அங்கே ஏறி, வளையலுக்கு இடையில் தலையை நுழைத்துக்கொண்டிருந்தது.

பூங்கொடி அம்மாளுக்குப் புரிவதற்குச் சற்று நேரம் பிடித்தது. புரிந்ததும் வலது கையை முன்னால் நீட்டி விரல்களை விரித்தார். பிறகு இடது கையை. இரண்டும் ஆடாமல் நின்றன.

"ஆடலியே அம்மிணி. பாருங்க. ஆடவே இல்லியே."

"ஆடறதுக்குப் பல வருசம் முன்னாலேயே பாம்புக்குத் தெரிஞ்சிருமுங்க. உங்கப்பா காலம் இல்ல இது. கை ஆடறதுக்கு முன்னாடி போனா அதை அங்கேயே நிறுத்தி வெக்க ஊசி இருக்குது. ஆட ஆரம்பிச்சப்பறம் போனாத்தான் கஷ்டம். உடனே டாக்டரைப் பாருங்கம்மா. இதை நான் சொல்லக்கூடாது. ஆனாச் சொல்றேன்."

வெளியே பேருந்து ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. பூங்கொடி அம்மாள் கைகளை மடக்கவில்லை. அப்படியே வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பொண்ணு வீட்டுல இது தெரிஞ்சா என்ன சொல்லுவாங்க?" என்றார் கடைசியில். "எங்கப்பா, அப்பறம் நானு. நாளைக்கு என்ற மகன். இந்த ஊட்டுக்கு எவன் பொண்ணு குடுப்பான்?"

 ஜெசிந்தா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் இரண்டு கையாலும் டம்ளரைப் பிடித்துக் குடித்தார்.

"எழுதோணுங்களா?"

"வேண்டாம்னா எழுதலீங்கம்மா."

"வேண்டாம்."

பாம்பைப் பெட்டியில் வைத்தார். துண்டைப் போர்த்தி ஓரத்தை மடக்கிவிட்டார். வாசலில் செருப்பு மாட்டும்போது திரும்பிப் பார்த்து, "அந்தப் புள்ளமேல பழி போட இருந்தேன்," என்று மட்டும் சொன்னார்.

பிறகு பல நாட்களுக்கு அவரைப் பற்றித் தகவலே இல்லை. சொன்னது சரிதானா என்று ஜெசிந்தா அடிக்கடி யோசித்தாள். சமைக்கும்போது யோசித்தாள். ஞாயிற்றுக்கிழமை பூசையில் முழந்தாளிட்டிருக்கும்போதும் யோசித்தாள். புகார் வரவில்லை. நன்றி சொல்லியும் யாரும் வரவில்லை.

வந்தது அந்தப் பெண்தான்.

ஒரு சனிக்கிழமை மாலை, கடையைச் சாத்தப் போகும் நேரத்தில், ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு ஒல்லியான ஒரு பெண் உள்ளே வந்தாள். ஆஸ்பத்திரிச் சீருடையின்மேல் ஸ்வெட்டர் போட்டிருந்தாள்.

"அக்கா, நான் மிருதுளா. ஜாங்கிரியோட…" என்று தொடங்கி, எப்படி முடிப்பதென்று தெரியாமல் நின்றாள். "எங்க அத்தை இங்க வந்தாங்களா?"

"வந்தவங்களப் பத்தி நான் யாருகிட்டயும் பேசறதில்லம்மா."

"சரிங்க்கா. நீங்க பேச வேண்டாம். நான் சொல்றதைக் கேட்டா மட்டும் போதும்." அவள் நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். "அத்தை டாக்டர்கிட்ட போயிட்டு வந்திருக்காங்க. சும்மா ஒரு செக்கப்புன்னு கவின்கிட்ட சொன்னாங்களாம். எனக்கு அதைக் கேட்டதும் அழுகையே வந்துருச்சு."

ஜெசிந்தா சாத்தப்போன கதவை விட்டுவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தாள்.

"நான் பிசியோதெரபிஸ்ட். நாள் முழுக்க நடக்கறவங்களப் பாக்கறதுதான் என் வேலை. நிச்சயத்தன்னிக்கு மண்டபத்துல அத்தை எல்லாருக்கும் காபி குடுத்துட்டு அங்கயும் இங்கயும் நடந்தாங்க. நடக்கறப்ப வலது கை வீசுது, இடது கை வீசல. எனக்குப் பக்குனு இருந்துச்சு. கவின்கிட்ட சொன்னேன். அவன் டாக்டரைப் பாக்கலாம்மான்னு ஒரு வார்த்தை கேட்டதுக்கு அவங்க ஒரு வாரம் அவன்கூடப் பேசல. 'எனக்கென்ன கேடு'ன்னு ஒரே கத்தல். இன்னும் வீட்டுக்கே வராத மருமக நான் எப்படிச் சொல்றது?"

"அப்பறம்?"

"போன மாசம் கவின் வீடியோல பேசறப்ப அத்தை மடியில ஜாங்கிரியைப் பாத்தேன். சிவப்பே இல்ல. யார் கையில வளருதுன்னு எனக்குத் தெரியாதா? அதான் அத்தைக்குப் போன் பண்ணி, ஜாங்கிரி வெளுத்திருக்குது, நிறம் பாக்கறவங்ககிட்ட காட்டுங்க அத்தைன்னு சொன்னேன். உங்க பேரையும் நாந்தான் சொன்னேன். நீங்க நாலு கேள்வி கேக்காம எழுத மாட்டீங்கன்னு விசாரிச்சு வெச்சிருந்தேன்."

"உனக்குத்தான் நோவுன்னு அவங்க நெனப்பாங்கன்னு தெரியாதாம்மா?"

"தெரியும்க்கா. அப்படி நெனச்சாத்தானே அடுத்த நாளே கெளம்புவாங்க. அவங்களுக்குன்னா அசையவே மாட்டாங்க. அவங்க மகனுக்குன்னா மலையேறிக்கூடப் போவாங்க."

ஜெசிந்தா அவளை உற்றுப் பார்த்தாள். "நான் கேக்காம எழுதிக் குடுத்திருந்தா?"

"கல்யாணம் நின்னிருக்கும். பயம் இல்லாம இல்ல. தூக்கமே இல்ல எனக்கு. ஆனா நான் இன்னொரு பாம்பை வாங்கி வளத்து என் நிறத்தைக் காட்டிக்கலாம். அவங்களுக்குப் போற காலம் திரும்பி வருமா?" அவள் எழுந்தாள். "ஒண்ணே ஒண்ணு கேக்கத்தான் வந்தேன்க்கா. நான் வேணும்னே அனுப்பினேன்னு அத்தைக்குத் தெரியவே கூடாது. வர்ற மருமக மொத நாளே தன் உடம்பைப் படிச்சுட்டான்னு தெரிஞ்சா, அப்பறம் என் முன்னால எந்திரிச்சு நடக்கவே கூச்சப்படுவாங்க. ஒரே வீட்டுல எப்படி இருக்கறது?"

"நான் சொல்ல மாட்டேன்மா," என்றாள் ஜெசிந்தா.

ஐப்பசி மழை ஓய்ந்த பிறகு பூங்கொடி அம்மாள் மறுபடி வந்தார். பெட்டியைப் பதற்றமில்லாமல் வைத்தார். முகம் கொஞ்சம் இளைத்திருந்தது.

"பாம்பை என்ற பேருக்கு மாத்தோணுமுங்க. இனி ஊசி கேக்குதா இல்லியான்னு இதோட நெறத்தை வெச்சுத்தான் பாப்பேங்கறாரு டாக்டரு. அந்தப் புள்ளையே எடுத்துக்கங்க அத்தைன்னுட்டா."

"பொண்ணு வீட்டுல…?"

"நானே போய்ச் சொன்னேனுங்க. அவங்கய்யன், அம்மா, சித்தப்பன் எல்லாரையும் உக்கார வெச்சு, நெறம் என்னுது, உங்க புள்ளைது இல்லைன்னேன். அதுக்கப்பறம் நீங்க வேண்டாமுன்னாலும் எனக்கு வருத்தமில்லைன்னும் சொன்னேன். அவங்கய்யன் கொஞ்ச நாள் யோசிச்சாரு. யோசிக்காம இருப்பாருங்களா? நானா இருந்தா அன்னிக்கே முடியாதுன்னிருப்பேன். புள்ளதான் அசையல. கார்த்திகையில முகூர்த்தம். நீங்க கட்டாயம் வரோணும்."

ஜெசிந்தா பெயர் மாற்றும் வேலையைத் தொடங்கினாள். பூங்கொடி அம்மாள் வாசல் பக்கம் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். சற்று முன்னால் குனிந்து குரலைத் தணித்தார்.

"அம்மிணி, உங்ககிட்ட மட்டும் ஒண்ணு சொல்றேன். அந்தப் புள்ளைக்கு மொதல்லயே தெரியுமுங்க."

"என்னதுங்கம்மா?"

"டாக்டரு என்னை வராந்தாவுல நடக்கச் சொன்னாரு. எடது கை வீசலீங்களேன்னாரு. அப்பத்தான் எனக்குப் பொறி தட்டுச்சு. நிச்சயத்தன்னிக்கு நான் நடக்கறப்பல்லாம் அந்தப் புள்ள என்ற எடது கையவே பாத்துக்கிட்டிருந்தா. வளையல் டிசைனைப் பாக்கறான்னு நெனச்சேன். அப்பறம் எண்ணிப் பாத்தா, பாம்பைக் காட்டச் சொன்னது அவ, உங்ககிட்டத்தான் காட்டோணுமுன்னு சொன்னதும் அவ. பழியைத் தன் தலையில ஏத்திக்கிட்டு என்னைத் தள்ளிவிட்டிருக்கறா பாருங்க."

அவர் கண்கள் நிறைந்திருந்தன. புடவை நுனியால் அழுத்தித் துடைத்துக்கொண்டார்.

"ஆனா எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு அவளுக்குத் தெரிய வேண்டாம். தெரிஞ்சா, அத்தையை ஏமாத்திப்போட்டமேன்னு மனசுக்குள்ள மருகுவா. கமுக்கமா ஒரு நல்லது பண்ணிப்போட்டமுன்னு சந்தோசமா இருந்துட்டுப் போகட்டும். இப்பக்கூட அவதான் கூட்டிக்கிட்டு வந்தா. வெளிய வண்டிகிட்ட நிக்கறா. நீங்க அவகிட்டச் சொல்லிப்போட மாட்டீங்கல்ல?"

ஜெசிந்தா நிமிர்ந்தாள். பூங்கொடி அம்மாளின் தோளுக்குப் பின்னால், திறந்திருந்த வாசலில் மிருதுளா ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். உள்ளே பேசியது அவளுக்கு எட்டியிருக்க முடியாது. அத்தையின் முதுகை ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஜெசிந்தாவை நோக்கிப் புருவத்தை உயர்த்தி, சொல்லிடலியே என்று கண்ணாலேயே கேட்டாள்.

ஜெசிந்தா இல்லை என்று ஒரு தடவை தலையசைத்தாள். இரண்டு பேருக்கும் அது போதுமானதாக இருந்தது.